மூன்று நாள் வாரம்

1997 டிசம்பர் 5ஆம் தேதி மலேசியாவின் அன்றைய நிதியமைச்சர் அன்வார் இப்ராஹிம் அறிவித்த சிக்கன நடவடிக்கைகள் வழக்கறிஞர்களுக்கு வேலை வைக்கும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. கூட்டரசு அரசாங்கத்தின் செலவில் 18 விழுக்காடு வெட்டு, அமைச்சர்களின் சம்பளத்தில் 10 விழுக்காடு வெட்டு, பெரிய திட்டங்கள் ஒத்திவைப்பு. நாளிதழின் முதல் பக்கத்தில் படித்துவிட்டு மடித்து வைக்கும் செய்தியாகவே அது இருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், தெலுக் பங்லிமா காராங்கில் வேலை இழந்த ஒரு தொழிற்சாலையின் ஆட்கள் கிள்ளானில் என் அலுவலகப் படியேறி வந்து கடிதங்களை மேசைமேல் பரப்பிய பிறகுதான், அந்த 18 விழுக்காடு எந்தெந்த வழியில் இறங்கி எவருடைய சம்பளச் சீட்டில் வந்து நின்றது என்பதை நான் ஒவ்வொரு கண்ணியாகப் பார்க்க நேர்ந்தது.

வெட்டுக்கு அரசு சொன்ன காரணத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. டாலருக்கு இரண்டரை வெள்ளியாக இருந்த நம் நாணயம் 1998 ஜனவரியில் 4.88வரை சரிந்தது. பணத்தைப் போட்டவர்கள் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பன்னாட்டு நிதியத்திடம் மலேசியா கடன் வாங்கவில்லை என்றாலும், அந்த நிதியம் தாய்லாந்துக்கும் இந்தோனேசியாவுக்கும் எழுதிக்கொடுத்த மருந்தை நாமே வாங்கிக் குடித்தோம்: செலவைக் குறை, வட்டியை ஏற்று, கடனை இறுக்கு. ஆனால் நோய் எங்கே இருந்தது? கூட்டரசு அரசாங்கம் 1993 முதல் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வரவு செலவில் உபரி காட்டி வந்தது. வரம்பு மீறிப் போயிருந்தது தனியார் கடன். வங்கிகள் கொடுத்திருந்த கடன் நாட்டின் மொத்த உற்பத்தியைப் போல் ஒன்றரை மடங்கையும் தாண்டியிருந்தது. அதில் பெரும்பங்கு நிலத்துக்கும் கட்டடத்துக்கும் பங்குச் சந்தைக்கும் போனது. கடன் வாங்கிச் சூதாடியவர் ஒருவர், பட்டினி போடப்பட்டவர் வேறொருவர் என்று நான் அன்று சொன்னதை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. பொதுச் செலவில் கை வைத்தபோது அது அந்தச் செலவை நம்பிப் பிழைத்தவர்களின் வயிற்றில்தான் போய் விழுந்தது.

தெலுக் பங்லிமா காராங்கில் இதைச் சாலையின் இரண்டு பக்கமும் பார்க்கலாம். அங்குள்ள சுதந்திர வர்த்தக வட்டாரத்தில் ஏற்றுமதிக்காகவே இயங்கும் தொழிற்சாலைகளுக்கு வெள்ளி மலிந்தது கெடுதல் ஆகவில்லை. டாலரில் விற்று வெள்ளியில் சம்பளம் கொடுப்பவருக்கு அது ஒருவகையில் வசதி. வட்டாரத்துக்கு வெளியே, பந்திங் போகும் சாலை ஓரத்தில் இருந்த சிறு ஆலைகளின் கதை வேறு. என்னிடம் வந்தவர்கள் வேலை செய்த ஆலை இரும்பு அலமாரி, மேசை, பள்ளிக்கூட நாற்காலி செய்து அரசுக் குத்தகையாளர்களுக்குக் கொடுத்துவந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட ஆட்கள். பாதிப் பேர் கேரித் தீவிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் பிறந்து, பால்வெட்டும் செம்பனையும் வேண்டாமென்று ஆலைக்கு வந்தவர்கள். தோட்ட வீட்டைக் காலி செய்துவிட்டு வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு ஆலைச் சம்பளத்தைவிட்டால் வேறு பிடிமானம் இல்லை.

குத்தகைகள் ஒத்திவைக்கப்பட்டன. ஏற்கெனவே கொடுத்த சரக்குக்கும் பணம் வரத் தாமதமானது. அந்த நேரத்தில்தான் இரண்டாவது கண்ணி இறுகியது. ஆறு மாதம் தவணை கட்டாத கடனை வாராக்கடன் என்று வகைப்படுத்திவந்த விதியை, 1998 தொடக்கம் முதல் மூன்று மாதம் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா சுருக்கியது. வாராக்கடன் என்று எழுதினால் வங்கி தன் கையிருப்பிலிருந்து அதற்கு ஈடாக ஒரு தொகையை ஒதுக்க வேண்டும். கடனைத் திரும்பக் கேட்டே தீர வேண்டும் என்று எந்த விதியும் வங்கியைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மூலதனம் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்த வங்கி, சிறிய வாடிக்கையாளரின் மிகைப்பற்று வசதியை நிறுத்துவதைத்தான் முதலில் செய்தது. ஏற்கெனவே அடிப்படை வட்டி ஏறிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் அது சராசரி 12.27 விழுக்காட்டைத் தொட்டது. ஆலை முதலாளி பின்னர் விசாரணை அறைக்கு வெளியே என்னிடம் மலாயில் சொன்னார்: “பேங்க் தாக் மாவ் துங்கு, லாயர்.” வங்கி காத்திருக்க மறுத்துவிட்டது. அவருக்கு வர வேண்டிய பெரிய தொகை, தவணை நின்ற ஐந்தாம் மாதம் வந்து சேர்ந்தது. பழைய ஆறு மாத விதி இருந்திருந்தால் அந்தக் கணக்கு கெட்ட கணக்காகியே இருக்காது. வந்த பணத்தை வங்கி அப்படியே கடனில் வரவு வைத்துக்கொண்டது. இரும்புத் தகடு வாங்கவோ சம்பளம் போடவோ ஒரு காசு மிஞ்சவில்லை.

அவர் கெட்ட முதலாளி இல்லை என்பதை நான் எதிர்த்தரப்பு வழக்கறிஞனாக இருந்தே சொல்கிறேன். ஆள் குறைப்பதற்கு முன் என்னென்ன முயற்சி செய்து பார்க்க வேண்டும் என்று 1975ஆம் ஆண்டின் தொழில் நல்லிணக்க நடத்தை விதிகள் ஒரு வரிசை சொல்கின்றன: புதிய ஆள் எடுக்காதே, மிகைநேர வேலையைக் குறை, வேலை நாளைக் குறை, வேறு பிரிவுக்கு மாற்று. அவர் ஒவ்வொன்றாகச் செய்தார். பிப்ரவரி மாதத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். ஜூலை முடிய அப்படியே ஓட்டினார். சட்டம் கேட்ட எட்டு வார முன்னறிவிப்பையும் கொடுத்துவிட்டுத்தான் ஆட்களை நிறுத்தினார்.

அந்த மூன்று நாள் வாரம்தான் வழக்கு. 1980ஆம் ஆண்டு ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிகளின்படி, நான்கு வாரத்தில் குறைந்தது 12 நாள் வேலை கொடுக்கத் தவறி, வேலை இல்லாத நாள்களுக்குச் சம்பளமும் தராவிட்டால்தான் தொழிலாளியைத் தற்காலிகமாக நிறுத்தியதாகப் பொருள், அப்போதுதான் இழப்பீடு. வாரம் மூன்று நாள் என்றால் நான்கு வாரத்தில் சரியாக 12. கோட்டைத் தாண்டாமல் கோட்டின்மேலேயே நின்றார்கள். ஆறு மாதம் அரைச் சம்பளம் வாங்கியவர்களைப் பார்த்து, நீங்கள் நிறுத்தப்படவே இல்லை என்று சட்டம் சொன்னது. அதோடு விடவில்லை. ஐந்து ஆண்டுக்குமேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடு. அந்த ஒரு நாள் சம்பளத்தைக் கடைசிப் பன்னிரண்டு மாத வருமானத்தின் சராசரியாகக் கணக்கிட வேண்டும். அந்தப் பன்னிரண்டில் ஆறு மாதம் அரைச் சம்பள மாதங்கள். ஆள் குறைப்பைத் தள்ளிப்போட நடத்தை விதிகள் பரிவோடு காட்டிய வழி, ஆள் குறைப்பு வந்தபோது அவர்களுடைய இழப்பீட்டைத் தின்றுவிட்டது. இரண்டு விதிகளையும் எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார்கள். இரண்டையும் ஒரே ஆளின்மேல் வைத்து அவர்கள் பார்க்கவில்லை.

பதினோரு ஆண்டு வேலை செய்த ஒரு பெண்மணியின் கணக்கைச் சொல்கிறேன். சாயம் பூசிய அலமாரிகளைச் சரிபார்க்கும் வேலை; மாதம் 620 வெள்ளி. முழுச் சம்பளத்தில் கணக்கிட்டால் 220 நாளுக்கு ஏறக்குறைய 4,480 வெள்ளி. அரைச் சம்பள மாதங்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் 3,360. வித்தியாசம் 1,120 வெள்ளி. வழக்குச் சட்ட நூல்களில் இடம்பெறும் தொகை இல்லை இது. அவருடைய வீட்டு வாடகைக்கு அது எத்தனை மாதம் வரும் என்று அவரே விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.

உடன் வந்த இளைஞர்கள் சிலர் தொழில் நீதிமன்றத்துக்குப் போவோம் என்றார்கள். 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி, நியாயமின்றி நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் மனு கொடுக்கலாம். சமரசம் முறிந்தால் அதை நீதிமன்றத்துக்கு அனுப்புவது அன்று அமைச்சரின் கையில் இருந்தது. அந்த வாசலில் நின்று நான் அவர்களுக்குச் சொன்னது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. வில்லியம் ஜாக்ஸ் நிறுவனத்துக்கும் பாலசிங்கத்துக்கும் இடையிலான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் முந்தைய ஆண்டுதான் தெளிவாக்கியிருந்தது: ஆள் குறைப்பு உண்மையானதா, நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதா என்பதே கேள்வி. நம் முதலாளிக்கு வேலை இல்லை, பணம் இல்லை, வங்கிக் கடிதம் கையில் இருக்கிறது. ஆட்கள் உண்மையிலேயே உபரியாகிவிட்டார்கள். அவர்களை உபரியாக்கியது யார் என்ற கேள்வியை எந்த நீதிமன்றமும் அந்த வழக்கில் கேட்க முடியாது. நிதியமைச்சும் பேங்க் நெகாராவும் அங்கே கட்சிக்காரர்கள் இல்லை. அரசின் பொருளாதாரக் கொள்கை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நீதிபதிகள் முன்வருவதும் இல்லை. சிக்கனக் கொள்கை ஒன்று சட்டத்தின் கண்ணில் படாமலே கடந்துபோகும் பாதை இதுதான்: முதலாளி நேர்மையானவர் என்று நிரூபணமானதும் தொழிலாளியின் வழக்கு முடிந்துவிடுகிறது. இல்லாத வேலையில் மறுபடி அமர்த்தும்படி உத்தரவு வாங்கி என்ன செய்வது? இழப்பீட்டுக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போனோம். கட்டணம் இல்லை, தொழிலாளர் அதிகாரியே விசாரித்து உத்தரவு போடுவார்.

என் வாதம் எளியது. வாரம் ஆறு நாள் என்பது வேலை ஒப்பந்தம். அதை மூன்றாக்குவதற்கு ஆட்களின் சம்மதம் கேட்கவில்லை. பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஒப்பந்தம் மாறாதபோது சம்பளமும் 620தான்; அதையே சராசரிக்கு எடுக்க வேண்டும். நிறுவனத்தின் பதிலும் எளியதே. ஆறு மாதம் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, குறைந்த சம்பளச் சீட்டில் மாதா மாதம் கையெழுத்துப் போட்டார்கள், நடத்தையே சம்மதம்.

அந்தக் கையெழுத்துகளுக்கு எதிராக எங்களிடம் இருந்த ஒரே சாட்சியம் பள்ளிக்கூட அப்பியாசப் புத்தகம் ஒன்று. சாயம் சரிபார்க்கும் அந்த அம்மா தினமும் எழுதிவைத்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்த கையெழுத்து. தேதி, வந்த நேரம், போன நேரம். வேலை இல்லாத நாள்களில் “கேட்டில் நின்றேன், வேலை இல்லை என்றார்கள்” என்று ஒரு வரி. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அப்படிப் பல வரிகள். மூன்று நாள்தான் வேலை என்று தெரிந்த பிறகும் அவரும் இன்னும் சிலரும் மற்ற நாள்களில் வாசலுக்குப் போய் நின்றிருக்கிறார்கள். ஏன் போனீர்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார்.

“வேலை நாள்தானே ஐயா, போகணும்ல. போகலன்னா நாமளே நின்னுட்டோம்னு சொல்லிடுவாங்க.”

“அப்புறம் ஏன் போவதை நிறுத்தினீர்கள்?”

“பஸ் காசு இல்ல.”

அதிகாரி புத்தகத்தை வாங்கி நெடுநேரம் புரட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் குனிந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னார். வாசலில் வந்து நின்றவர் குறைப்பை ஏற்றுக்கொண்டவர் ஆகமாட்டார் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அப்படி நின்றதாகக் காட்ட முடிந்த சிலருக்கு முழுச் சம்பளக் கணக்கில் உத்தரவு கிடைத்தது. எழுதிவைக்காதவர்களுக்கு, அதே வாசலில் அதே காலையில் நின்றிருந்தாலும், அரைச் சம்பள மாதங்களைச் சேர்த்த கணக்குதான். சாட்சியச் சட்டத்தின்படி அதில் குறை சொல்ல எனக்கு இடமில்லை. ஆனாலும் அன்று படியிறங்கும்போது பாதிப் பேரின் முகத்தைப் பார்த்துப் பேச என்னால் முடியவில்லை.

இதற்கிடையில் நாடு திசை திரும்பியது. ஜூலையில் அரசு செலவை மறுபடி கூட்டத் தொடங்கியது. செப்டம்பர் 1ஆம் தேதி மூலதனக் கட்டுப்பாடு. மறுநாள் டாலருக்கு 3.80 என்று வெள்ளி நிலைநிறுத்தப்பட்டது. அன்றே அன்வார் பதவி நீக்கப்பட்டார். அதே மாதம் வாராக்கடன் விதி மூன்று மாதத்திலிருந்து பழையபடி ஆறு மாதம் ஆனது. அரசே தன் மருந்து தவறென்று ஒன்பது மாதத்தில் கண்டுகொண்டது. கண்டுகொண்டதை நான் பாராட்டுகிறேன். ஆனால் இடைப்பட்ட ஒன்பது மாதத்தில் அந்த விதியால் விழுந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட எங்கும் எழுதப்படவில்லை. வங்கியின் வழக்கறிஞரிடம் இதைச் சொன்னபோது, நாங்கள் கடிதம் அனுப்பிய தேதியில் அதுதான் விதி என்றார். அவர் சொன்னது சரி.

மீட்பு அமைப்புகள் வரத்தான் வந்தன. வங்கிகளின் வாராக்கடனை வாங்க டானாஹர்த்தா. ஆனால் 50 லட்சம் வெள்ளியும் அதற்கு மேலும் உள்ள கடன்களை மட்டும். கடன் மறுசீரமைப்புக் குழு ஒன்று. அதன் வாசல் 5 கோடி வெள்ளியில் தொடங்கியது. அதற்கும் முன்னால், 1997 நவம்பரிலேயே, கடன் சுமையில் இருந்த ரெனோங் நிறுவனத்தின் பங்குகளை வாங்க அதே குழுமத்தைச் சேர்ந்த யூ.இ.எம். 200 கோடி வெள்ளிக்குமேல் செலவிட்டதை நாடே பார்த்தது. எங்கள் ஆலையின் கடன் 30 லட்சத்துக்குச் சற்று மேல். சிறு தொழில்களுக்கான மறுவாழ்வு நிதி அந்த ஆண்டின் கடைசியில்தான் வந்தது. அதற்குள் ஆலையின் மின்சாரத்தையே வெட்டிவிட்டார்கள். அதிகம் கடன்பட்டவருக்கு அதிகம் வாசல் திறந்தது. நிதி அமைப்பைக் காப்பாற்ற இதுவே வழி என்று பொருளாதாரம் படித்தவர்கள் விளக்குகிறார்கள். அந்த விளக்கத்தை நான் முழுதும் கேட்டிருக்கிறேன், அதில் ஒரு தர்க்கமும் இருக்கிறது. அமைப்பைக் காக்கும் செலவில் ஒரு பங்கை, கடனே வாங்காத ஆலைத் தொழிலாளி ஏன் தன் இழப்பீட்டிலிருந்து கட்ட வேண்டும் என்பதற்கு மட்டும் அதில் பதில் இல்லை.

உத்தரவு கையில் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. ஆலை நிலத்தை விற்க ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்தில் வங்கி உத்தரவு வாங்கியது. வேலைவாய்ப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவு இங்கே தொழிலாளிக்கு ஒரு பாதுகாப்புத் தருகிறது: அவர் வேலை செய்த இடம் நீதிமன்ற உத்தரவால் விற்கப்பட்டால், அடமானம் வைத்திருக்கும் வங்கிக்கு முன்பாக அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்க வேண்டும். நல்ல பிரிவு. ஆனால் தொடர்ந்து நான்கு மாத வேலைக்கான சம்பளம் என்ற அளவோடு அந்த முன்னுரிமை நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று ஆண்டு வேலை செய்தவருக்கு அந்த நான்கு மாதத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். பதினோரு ஆண்டு வேலை செய்த அம்மாவுக்கு 4,480 வெள்ளி உத்தரவு, முன்னுரிமை 2,480க்குத்தான். மீதி 2,000 வெள்ளிக்கு அவர் இரும்புத் தகடு விற்றவரோடும் லாரிக்காரரோடும் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும். எவர் நீண்ட நாள் உழைத்தாரோ அவருக்கே இழப்பு அதிகம். அந்தக் காலத்தில் நிலம் வாங்க ஆளில்லை. ஏலம் மீண்டும் மீண்டும் தள்ளிப்போய், ஒதுக்கு விலை இறங்கி, ஒருவழியாக விற்றபோது முன்னுரிமைத் தொகை மட்டும் எங்களுக்கு வந்தது. வங்கிக்கே முழுக்கடன் அடையாதபோது அந்த 2,000 வெள்ளிக்கு வழி இல்லை.

1998இல் நாட்டின் உற்பத்தி 7.4 விழுக்காடு சுருங்கியது. அந்த ஓர் ஆண்டில் 83,865 பேர் ஆட்குறைப்பில் வேலை இழந்ததாக அரசுப் பதிவு. முதலாளிகள் ஆள் குறைப்பதை முன்கூட்டியே தொழிலாளர் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் வந்தது என்பதால், சத்தமில்லாமல் அனுப்பப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். வேலை இழந்தவருக்கு ஒரு காப்புறுதி வேண்டும் என்று மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் (எம்.டி.யு.சி.) அப்போதே கேட்டது. முதலாளிகள் தரப்பு செலவு தாங்காது என்றது. வேலைக் காப்புறுதித் திட்டத்துக்கான சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 ஜனவரி 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. முதலாளி 0.2 விழுக்காடு, தொழிலாளி 0.2 விழுக்காடு. தாங்காது என்று சொன்ன செலவு அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பந்திங் சாலையிலிருந்து மறுபடி எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கியது. இந்த முறை அரசு சம்பள உதவித் தொகை கொடுத்தது. ஆளுக்கு மாதம் 600 முதல் 1,200 வெள்ளிவரை முதலாளியின் கையில் சேர்ந்தது. 1998இலும் இப்படிச் செய்திருக்க முடியும், உபரி காட்டிய கருவூலம் அன்று கையில் இருந்தது. ஆனால் 1980ஆம் ஆண்டு விதிகள் அப்படியே இருக்கின்றன: நான்கு வாரத்தில் 12 நாள், கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரி. மூன்று நாள் வாரம் என்று கடிதம் கொடுத்திருக்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்னது ஒன்றே. வேலைக்குப் போங்கள். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடுங்கள். பக்கத்தில் “குறைப்பை ஏற்கவில்லை” என்று உங்கள் கையாலேயே, எந்த மொழியிலானாலும், எழுதித் தேதி போடுங்கள். ஒரு நகலை வீட்டில் வையுங்கள்.